பொறுங்க, இன்னும் பாக்குறேன்

ஜனவரி 9

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அண்ணி எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் என்ன கூத்து என்று கேட்பாய். போனில் நீ என் பேச்சைப் பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறாய். காகிதத்தில் அது நடக்காது. தவிர, போனை இடுக்கிக்கொண்டு பேச என் கழுத்து இப்போது ஒத்துழைப்பதில்லை. பத்தொன்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்த கழுத்து, இடதுபக்கம் திரும்பமாட்டேன் என்கிறது. டாக்டரிடம் காட்டினேன். "குனியாதீங்க" என்றார். குனிவதுதான் என் வேலையே என்று அவருக்கு யார் சொல்வது?

உன் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. குறட்டைதான் கட்டுக்குள் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டர் முன்னால் பெயருக்கேற்றபடி வளைந்து உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா?

ஒரு செய்தி. எங்கள் அறைக்கு இயந்திரம் வரப்போகிறது. எங்கள் அறை உனக்குத் தெரியும்தானே? பரிசோதனைக்கூடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலைப் பாதி அலமாரி மறைத்த அறை. நான், சோடாபுட்டி, ராங்கி, புதுசு என்று நான்கு பேர். புதுசு வந்து ஆறு வருஷமாகிறது. அவளுக்கப்புறம் யாரையும் எடுக்கவில்லை, அதனால் இன்னும் புதுசுதான். பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் பூசி, சாயமேற்றி எங்களிடம் அனுப்புவார்கள். ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல் இருக்கும். ஒன்றோ இரண்டோ சரியில்லாமல் இருக்கலாம், பிற்பாடு புற்றுநோயாகக்கூடியது. அதைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புவோம். அவர் புள்ளி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அறிக்கையில் அவர் பெயர் வரும்.

இனி முதலில் இயந்திரம் பார்க்குமாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொல்லுமாம். நிர்வாகி வந்து, "இத்தன வருஷம் கஷ்டப்பட்டீங்க, இனிமே ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். ராங்கி கேட்டாள்: "வீட்லயா சார், இங்கயா?" அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஜூன் மாதத்தோடு அறையை மூடுவதாகப் பேச்சு அடிபடுகிறது.

நீயும் இந்த மாதிரி ஏதோ கம்பெனியில்தானே இருக்கிறாய்? யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லி வைக்கிறேன். உண்மையில் என்னதான் செய்கிறாய், எழுது.

கழுத்து நேராக உட்கார்.
உன் அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வளைந்து உட்கார்ந்துதான் படித்தேன், திட்டாதீர்கள். எனக்கு மணிக்கட்டு வலி, கட்டுப் போட்டிருக்கிறேன். மற்றபடி பழுதில்லை. உங்கள் கழுத்துக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். அண்ணனின் குறட்டைக்கு மருந்து என்னிடம் இல்லை, அவரைக் கூடத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

என் வேலையைக் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை அண்ணி. படங்களைச் சுத்தம் செய்கிற வேலை. படத்தில் கறை, கீறல், தேவையில்லாத குறி ஏதாவது இருந்தால் அது தெரியாமல் துடைத்துக் கொடுக்கும் புரோகிராம் எழுதுகிறேன். இங்கே என் இருக்கைக்கு நேர் மேலே ஏசி. எல்லாரும் வியர்க்கிற நாளில் நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் தலைவர் என்னைப் பாட்டி என்று கேலி செய்வார்.

இயந்திரம் வந்தால் உங்கள் கழுத்துக்கு நல்லதுதானே?

ஒன்று கேட்க வேண்டும். ஸ்லைடில் எப்போதும் ஒரு புள்ளிதானா? சிலவற்றில் இரண்டு இருக்குமா? இருந்தால் எதற்காக? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்
உங்கள் கேள்விக்குறி


பிப்ரவரி 14

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கழுத்து ஒரு விரற்கடை திரும்புகிறது, இப்போது சோடாபுட்டி மூக்குவரை தெரிகிறாள். உன் மணிக்கட்டைக் கவனி. தட்டச்சு செய்கிறவளுக்கு அது போனால் எல்லாம் போச்சு.

கேள்வி கேட்டால் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆமாம், சிலவற்றில் இரண்டு புள்ளி இருக்கும். இது எங்கள் அறைக்குள் நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம், எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு ஒரு செல்லில் சந்தேகம் வந்தால் இடதுபக்கம் புள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்லைடைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவேன். அவளுக்கும் அப்படியே பட்டால் வலதுபக்கம் இன்னொரு புள்ளி வைப்பாள். இரண்டு புள்ளி என்றால் இரண்டு பேர் பார்த்தாகிவிட்டது, விஷயம் பெரிசு என்று அர்த்தம். பெரிய டாக்டருக்கே இது தெரியாது. பேனா உதறியதென்று நினைத்திருப்பார்.

ஆனால் இரண்டு இருக்கும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

இயந்திரம் வந்துவிட்டது. ஐஸ்பெட்டி அளவில் வெள்ளையாக இருக்கிறது. வரும் ஸ்லைடுகளை முதலில் அதற்குக் கொடுக்க வேண்டும். அது சந்தேகம் என்று சொல்வதை மட்டும் நாங்கள் பார்க்கலாம். சரி என்று விட்டதைச் சிவப்பு நாடா ஒட்டிய பெட்டியில் அடுக்கி அலமாரியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியை நாங்கள் தொடக் கூடாது. சுவரில் எழுதியே ஒட்டிவிட்டார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இயந்திரம் ஸ்லைடைப் பார்க்கும்போது திரையில் ஒரு வரி வருகிறது: "பொறுங்க, இன்னும் பாக்குறேன்". மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

பதில் போடு.
உன் அண்ணி


மார்ச் 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

உன் பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அண்ணன் சொல்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே எங்கள் உடம்புக்கெல்லாம் குறைவில்லை, மனசுதான் கொதிக்கிறது.

போன வருஷம் பிப்ரவரியில் நாற்பத்திரண்டு ஸ்லைடில் புள்ளி வைத்தோம். இந்தப் பிப்ரவரியில் இயந்திரம் சந்தேகம் என்று எடுத்துக் கொடுத்தது ஆறு. நிர்வாகிக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா, தேவையில்லாம எத்தன பேர பயமுறுத்தியிருக்கோம்" என்றார். புதுசு வாயே திறக்காதவள், அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்: "இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே மாசத்துல குணமாயிடுச்சா சார்?"

நான் நாடாவைப் பிரித்தேன். ஆமாம், பிரித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராங்கி கதவில் நின்றுகொண்டாள், மூன்று பேர் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தோம். எட்டு நாள், தினமும் முக்கால் மணி நேரம். இயந்திரம் சரி என்று விட்டதில் முப்பத்தொரு ஸ்லைடில் கோளாறு இருந்தது. அதில் 4417 என்ற எண் மோசம். செல்லின் உட்கரு வீங்கி, கறுத்து, ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது. நான் இடதுபக்கம் வைத்தேன். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு வலதுபக்கம் வைத்தாள்.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். "இது லிஸ்ட்ல இல்லயே" என்றார். மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றேன். அவர் இரண்டு போன் பேசினார், ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டார், தண்ணீர் குடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் குனிந்து பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மீதி முப்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் எனக்கு மெமோ. "அனுமதியின்றிப் பெட்டியைத் திறந்தது." பிரித்தது ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க" என்று எழுதிக் கொடுத்தேன்.

இனியாவது எழுது.
அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரம் எங்கள் கம்பெனியுடையது. இரண்டு வருஷமாக நான் அதில்தான் இருக்கிறேன். உங்கள் பரிசோதனைக்கூடத்தின் பத்து வருஷத்துப் பழைய ஸ்லைடுகளை வாங்கித்தான் அதற்குப் பழக்கினோம். நீங்கள் வைத்த புள்ளிகளை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் அண்ணி, அது நன்றாக வேலை செய்கிறது. ஐயாயிரம் ஸ்லைடில் சோதித்த கணக்கு அந்தத் தொண்ணூற்றெட்டு. மனிதக் கண் களைத்துப்போகும். மத்தியானத்துக்கு மேல் எதைப் பார்த்தாலும் சந்தேகமாகவே படலாம். அறையை மூடப்போகிறார்கள் என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும், அதுவும் கண்ணைப் பாதிக்கலாம் இல்லையா? 4417-ஐ நான் குறை சொல்லவில்லை. மற்ற முப்பதையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்திருக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.
உங்கள் கேள்விக்குறி


மார்ச் 17

கேள்விக்குறிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுது.

அது உன் இயந்திரம் என்று எனக்கு முதல் நாளே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீ எழுந்திருக்கவே மாட்டாய். சாப்பிடக் கூப்பிட்டால், குளிக்கக் கூப்பிட்டால், வீடே பற்றி எரிந்தாலும் ஒரே பதில்தான்: "பொறுங்க, இன்னும் பாக்குறேன்." அதைத் திரையில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெருமையாகவும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். இயந்திரத்தோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உன் பெயரைத் தேடினேன். உங்கள் தலைவர் பெயர் இருக்கிறது, படமும் இருக்கிறது. உன்னைக் காணோம். நாங்கள் அதில் "பயிற்சி பெற்ற ஊழியர்கள்" என்று அரை வரியில் இருக்கிறோம்.

இப்போது என் களைத்துப்போன கண் என்ன பார்த்தது என்று கேள்.

போன வாரம் சோடாபுட்டி பழக்க தோஷத்தில், இயந்திரம் சரி என்று விட்ட ஒரு ஸ்லைடில் இரண்டு புள்ளி வைத்துவிட்டாள். பேச்சு மும்முரத்தில் அதையே மறுபடி இயந்திரத்துக்குள் போட்டுவிட்டாள். முதலில் "கோளாறு இல்லை" என்று சொன்ன உன் இயந்திரம், இப்போது "தீவிரம்" என்றது. ஒரே ஸ்லைடு, ஒரே செல். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போன மாதம் அது சந்தேகம் என்று சொன்ன ஆறையும் எடுத்துப் பார்த்தோம். ஆறும் வேறு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பார்த்து, புள்ளி வைத்து, இரண்டாம் அபிப்பிராயத்துக்கு வந்தவை.

அப்புறம் ராங்கி ஒரு வேலை செய்தாள். பெட்டியிலிருந்து புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள். செல் கிடையாது, சாயம் கிடையாது, வெறும் கண்ணாடி. இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி வைத்து உள்ளே போட்டாள். பொறுங்க, இன்னும் பாக்குறேன் என்றது. பொறுத்தோம். கண்ணாடிக்கு முற்றிய நோய் என்று சொல்லிற்று.

உன் இயந்திரம் செல்லைப் பார்க்கவில்லையடி. எங்களைப் பார்க்கிறது. நாங்கள் கண்டுபிடித்ததைக் கண்டுபிடித்துவிட்டு, எங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறது.

கவலையில் என் கண் கெட்டுவிட்டது என்று இன்னொரு தடவை எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

மணிக்கட்டு பரவாயில்லை. அடுத்த பஸ்ஸில் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தப்பு என்னுடையது. புள்ளி படத்தில் இருந்தால் இயந்திரம் அதைப் பார்த்துக் காப்பியடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் புள்ளிகளைத் துடைக்கும் புரோகிராம் எழுதினேன். இயந்திரத்துக்குள் போகும் ஒவ்வொரு படத்திலும் அது மை இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தால் பூசி மூடிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. ஆனால் பூசிய இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வழுவழுப்பாக இருக்கிறது. இயந்திரம் அந்த வழுவழுப்பைப் பிடித்துக்கொண்டது. ஒன்று இருந்தால் சந்தேகம், இரண்டு இருந்தால் தீவிரம். நாங்கள் சோதித்த ஐயாயிரமும் உங்கள் கூடத்துப் பழைய ஸ்லைடுகள்தான், அவற்றிலும் நீங்கள் புள்ளி வைத்திருந்தீர்கள். தொண்ணூற்றெட்டு வராமல் என்ன செய்யும்? அது உங்கள் நான்கு பேருடைய மதிப்பெண்.

புதிதாக வருகிற, யாரும் பார்க்காத ஸ்லைடில் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. உங்கள் கண்ணைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "மே இருபதாம் தேதி நாப்பது ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க. இப்ப போய் இதக் கிளப்பாத. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றார். அதுவரை அந்த நாற்பது இடத்திலும் பெண்கள் சரி என்று வீட்டுக்குப் போவார்களே என்றேன். "ஆஸ்பத்திரில ஸ்லைடு பாக்குற பொம்பளைங்க பேச்ச வச்சுக்கிட்டு நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுற" என்றார். அப்புறம் குரலை இறக்கி, அடுத்த வெர்ஷனுக்கு என்னையே தலைவியாகப் போடப்போவதாகவும், இந்தத் தடவை கையேட்டில் என் பெயர் வரும் என்றும் சொன்னார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் கேள்விக்குறி


ஏப்ரல் 12

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

எல்லாரும் இருக்கிறோம்.

யோசி. நீ யோசிப்பதற்குள் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

4417 வந்தாள். எனக்கு அதுவரை எண்தான் தெரியும். பஸ் கண்டக்டர், முப்பத்தாறு வயசு இருக்கலாம், தோளில் பை மாட்டின இடம் ஒருபக்கம் இறங்கியிருக்கிறது. இன்னும் பரவவில்லை, சின்ன சிகிச்சையோடு போய்விடும் என்றார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பெரிய டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு எதுக்கும்மா? எல்லாம் நம்ம புது மெஷினோட வேல."

உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் வாசலில் நின்று அழுதது அன்றைக்குத்தான்.

இன்னொன்று. என்னை அறையிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் இருக்கிற தரைத்தளத்துக்குப் போட்டுவிட்டார்கள். இங்கே மைக்ராஸ்கோப் கிடையாது. கழுத்துக்கு நல்லதுதானே என்று நீ முன்பு எழுதியிருந்தாய். நல்லதுதான், நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாமா கூடாதா என்று பெரியவர்கள் கூடத்தில் கூடிப் பேசிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வந்த மருமகள் வாய் திறக்கக் கூடாது என்று இருந்த வீடு. நானும் யோசித்தேன். சுமார் இரண்டு நிமிஷம்.

அண்ணி


மே 2

கேள்விக்குறிக்கு,

இருபது நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. உன் அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இதோடு ஒரு சின்னப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். ராங்கிதான் பஞ்சு சுற்றிக் கட்டினாள். உடையாமல் பிரி. உள்ளே வெறும் கண்ணாடி ஒன்று, எங்கள் மார்க்கர் பேனா ஒன்று, எங்கள் நான்கு பேர் பெயரும் எழுதிய சீட்டு ஒன்று. இன்ஷியலோடு எழுதியிருக்கிறோம்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்காதே. உனக்குத் தெரியாதது இல்லை. ஒருவேளை நீ தலைவியாகிவிட்டால் பேனாவையாவது வைத்துக்கொள், நன்றாக எழுதும்.

வேளைக்குச் சாப்பிடு.
அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இதை நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் ஐந்துக்கு அப்புறம் ஏன் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டேன் அண்ணி. தலைவி என்ற பதவிக்கும், அந்தக் கடைசிப் பக்கத்தில் என் பெயர் வரும் என்பதற்கும் ஆசைப்பட்டேன். தலைவியானபின் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் அந்தக் கண்டக்டரின் எண் வந்து நிற்கும். எழுந்துவிடுவேன். உங்கள் பெட்டி வந்தபிறகு அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டிவிட்டு நாள் முழுக்க அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபதாம் தேதி பெரிய கூடம். நாற்பது ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஆட்கள். தலைவர் மேடையில், நான் ஓரத்தில் இயந்திரத்தின் பக்கத்தில். ஸ்லைடைப் போடுவது மட்டும் என் வேலை, பேசுவது அவர். எடுத்து வைத்திருந்த பத்துப் பழைய ஸ்லைடுகளைப் போட்டேன், எல்லாம் உங்கள் அறையில் புள்ளி வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பதினொன்றாவதாக உங்கள் கண்ணாடியைப் போட்டேன். காலையிலேயே இரண்டு பக்கமும் புள்ளி வைத்திருந்தேன். அவசரத்தில் ஒன்று கோணலாகிவிட்டது.

பெரிய திரையில் "பொறுங்க, இன்னும் பாக்குறேன்" என்று வந்ததும் கூடம் சிரித்தது. அப்புறம் "தீவிரம்" என்று வந்தது. தலைவர் உற்சாகமாக, "பாருங்க, மனுஷக் கண்ணுக்குத் தப்பிச்சிருக்கும்" என்று ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் ஒரு வயதான டாக்டரம்மா எழுந்து, "எந்த செல்லுன்னு கொஞ்சம் காட்டுங்க" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியை வெளியே எடுத்து, படியிறங்கிப் போய், அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி வழியே என் முகம்தான் தெரிந்திருக்கும்.

"இதுல ஒண்ணுமே இல்லயேம்மா" என்றார்.

"ஆமாம்மா, ஒண்ணுமே இல்ல" என்றேன். அந்த வரிசையிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டேன். தலைவர் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை. இந்த இயந்திரத்துக்குச் செல் பார்க்கத் தெரியாது, நான்கு பெண்கள் பார்த்து வைத்த அடையாளத்தை மட்டும்தான் தெரியும், அந்த அடையாளத்தைத் துடைத்தவள் நான், துடைத்த இடத்தைத்தான் இது நோய் என்று சொல்கிறது என்றேன். அந்த முப்பத்தொரு ஸ்லைடின் கதையையும் எடுத்துச் சொன்னேன். அந்த நான்கு பேர் யார் என்று டாக்டரம்மா கேட்டார். சீட்டை எடுத்துப் படித்தேன், நான்கு பெயரையும், இன்ஷியலோடு. புதுசின் பெயர் அதுதானா? இத்தனை அழகான பெயரை வைத்துக்கொண்டா ஆறு வருஷமாகப் புதுசாக இருக்கிறாள்?

ஒரு மணி நேரத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். லிஃப்டில் சால்வையும் ஒரு அட்டைப் பெட்டியுமாக இறங்கினேன். நாற்பது ஆஸ்பத்திரியும் இயந்திரம் வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு வேலை இல்லை அண்ணி. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடத்தில் பெரியவர்கள் முன்னால் நீங்கள் எழுந்து நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. இந்த நிமிர்வை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ரத்த அழுத்தம்.
உங்கள் கேள்விக்குறி


ஜூன் 10

என் அன்பான கேள்விக்குறிக்கு,

உன் அண்ணனிடம் சொன்னேன். ரத்த அழுத்தமெல்லாம் ஏறவில்லை. கேட்டுவிட்டு, "அவ யாரு வளத்த பொண்ணு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நீ படிக்கப் போகலாமா என்று பேசிய நாளில் அவர் கொல்லைப்பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. போகட்டும்.

டாக்டரம்மா இங்கேயே நேரில் வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து, "புள்ளி வச்சவங்க யாரு?" என்று கேட்டார். என்னையும் தரைத்தளத்திலிருந்து வரவழைத்து, இரண்டு மணி நேரம் எங்கள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நிர்வாகி வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "பழையபடி வந்து வேலயப் பாருங்கம்மா, நடந்தத மறந்துடலாம்" என்றார்.

"பழையபடி வரமாட்டேன் சார்" என்றேன்.

மெமோவைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அறிக்கையில் பெரிய டாக்டர் கையெழுத்துக்கு மேலே, பார்த்தவள் பெயரும் வர வேண்டும் என்றேன். இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரட்டும், என் கழுத்து அதை வாழ்த்தும். ஆனால் அதற்குப் பழக்கும்போது எங்களில் இரண்டு பேர் கூட உட்கார வேண்டும், அது சரி என்று விடுவதை நாங்கள் திறந்து பார்ப்போம், எந்தப் பெட்டியிலும் நாடா ஒட்டக் கூடாது என்றேன். மூன்று நாள் இழுத்தார். நான்கு பேரும் கைகட்டி உட்கார்ந்துவிட்டோம், ஸ்லைடு மலையாகக் குவிந்தது. நாலாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த இயந்திரத்தைத் தப்பு தெரிந்து சரியாகச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா தேடுகிறார். உன் விலாசம் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டால், துடைத்தவள் நான்தான் என்று கூடத்தில் சொன்னாயே, அதையே சொல். அதைவிடப் பெரிய சான்றிதழ் அவருக்குத் தேவைப்படாது.

நேற்று கண்டக்டர் மறுபரிசோதனைக்கு வந்தாள். முழுசாகச் சரியாகிவிட்டது. கீழேயே போயிருக்கலாம், யாரிடமோ விசாரித்துக்கொண்டு மாடியேறி எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "மெஷின் இல்லயாமே? அப்ப என்னோடத யாரு பாத்தது?" என்று கேட்டாள். சோடாபுட்டி என்னைக் காட்டினாள், நான் சோடாபுட்டியைக் காட்டினேன், இரண்டு பேரும் சேர்ந்து கதவுகாத்த ராங்கியைக் காட்டினோம். புதுசு தானாகவே கையைத் தூக்கினாள். அந்தப் பெண் எங்கள் நான்கு பேர் பெயரையும் கேட்டு, பையிலிருந்த டிக்கெட் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டு போனாள்.

இப்போதும் நிர்வாகி மணிக்கொருதரம் வந்து கதவைத் தட்டி, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று அவசரப்படுத்துகிறார். இன்றைக்குக் காலையில் உன் மார்க்கர் பேனாவுக்கு ஜோடியாக இங்கே இருந்த பேனாவால் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டோம். தட்டினால் யாரும் எழுந்திருப்பதில்லை, உள்ளேயிருந்தபடியே கையை மட்டும் கதவுப்பக்கம் காட்டுகிறோம்.

"பொறுங்க, இன்னும் பாக்குறோம்."

உன் அண்ணி
(பெயரும் இன்ஷியலும் உன்னிடம் சீட்டில் இருக்கிறது)